தரவுத்தளம் இல்லாமல் சொந்தச் சர்வரில் குறும்பதிவுத் தளம் நடத்த முடியுமா?

தாராளமாக முடியும். ஓர் உரைக் கோப்பே போதும். 2016இல் வெளிவந்த டுவிடெக்ஸ்ட் (twtxt) வடிவம் இதற்கென்றே பிறந்தது. வரிக்கு ஒரு பதிவு: முதலில் தேதியும் நேரமும், அடுத்து ஒரு டேப், பிறகு நீங்கள் சொல்ல வந்தது. அந்த டேப்பில் கவனம் வையுங்கள். என் எடிட்டர் அதை நான்கு இடைவெளிகளாக மாற்றிவிட, இரண்டு நாள் என் பதிவுகள் எவருக்கும் தெரியவில்லை.

உங்களைப் பின்தொடர்பவரின் நிரல் அவ்வப்போது வந்து கோப்பைப் படித்துச் செல்லும். வரும்போது அவருடைய கோப்பின் முகவரியையும் சொல்லிவிட்டுப் போவதுண்டு. அதனால் வந்துபோனவர்களைக் குறித்துவைக்கும் சர்வரின் பதிவேட்டை (லாக்) திறந்தால் யார் வாசிக்கிறார்கள் என்பது புரியும். முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியை அங்கே முதன்முதலாகப் பார்த்த மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

பல சர்வர்களில் பரவி இயங்கும் குறும்பதிவு வலையமைப்பான மாஸ்டடானில் இருப்பவர்களோடும் பேச வேண்டுமானால் ஆக்டிவிட்டிபப் தேவை. சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ள 2018இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் (W3C) பரிந்துரைத்த நெறிமுறை அது. அதில் மற்றச் சர்வர்கள் உங்கள் அஞ்சல்பெட்டிக்குச் செய்தியை அனுப்பும். வாங்கிவைக்க ஒரு நிரல் எப்போதும் விழித்திருக்க வேண்டும், வரும் செய்தி உண்மையில் அனுப்பியவருடையதுதானா என்று அதன் மின்கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். கோப்பில் தொடங்குங்கள், அது பழகியபின் இதைத் தொடலாம்.