பாதியில் நிற்கும் பாடங்கள்: கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். கோர்செரா, ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளங்களில் நான்கு இலவசப் பாடங்களில் சேர்ந்தேன். எதிலும் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. உலகத்துப் பல்கலைக்கழகங்களெல்லாம் கைப்பேசிக்கே வந்துவிட்டன என்கிறார்களே, எனக்குத்தான் படிக்கத் துப்பில்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். எட்எக்ஸ் என்ற இன்னொரு இணையத் தளத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய பாடங்களைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வந்தது. 2017-18இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 100க்கு 3 பேர் அளவுதான். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் வசதியான நாட்டுக்காரர்கள்.

2012இல் எம்ஐடியின் மின்சுற்று இணையப் பாடத்தில் உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 1,50,000 பேர் சேர்ந்தார்கள். முழு மதிப்பெண் வாங்கிய 340 பேரில் ஒருவன் மங்கோலியாவின் 15 வயதுப் பையன், பட்டுஷிக். பிற்பாடு எம்ஐடியிலேயே அவனுக்கு இடம் கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அவன் பள்ளித் தலைமையாசிரியர் எம்ஐடியில் படித்தவர். பிள்ளைகளை அந்தப் பாடத்தில் சேர்த்துவிட்டதே அவர்தான். ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒருவர் நேரில் போய்ச் செய்முறை வகுப்பும் நடத்தினார். வீடியோ எல்லோருக்கும் ஒன்றுதான். கேட்டால் சொல்லித்தர அவனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது.

மார்த்தாண்டத்தில் மூன்று பிள்ளைகள் ஒரே மடிக்கணினியில் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைப் படிப்பதைப் பார்த்தேன். ஒருத்தி வீடியோவை நிறுத்துகிறாள். இன்னொருத்தி, "இந்த லூப் ஏன் நிற்காம ஓடுது?" என்கிறாள். மூன்றாமவள் நோட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணை எழுதிக் காட்டுகிறாள், தமிழில் பேசிக்கொண்டே. பத்து நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அப்படித்தான் ஆகும், ஆகட்டும்.

நம் மாவட்டத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, ஊர்ப்புற நூலகங்களும் இருக்கின்றன. மாலையில் ஓர் அறையைத் திறந்து, இணையம் கொடுத்து, பாடம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் போதும். இதை யாராவது செய்ய மாட்டார்களா என்று உண்மையிலேயே ஏங்குகிறேன்.

சரி, இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது. நான்கு வேண்டாம், ஒன்று போதும். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்திலிருந்து எடுங்கள். படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். வாராவாரம் கெடு வைத்து வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். அந்த நெருக்கடி நல்லது. பல பாடங்களுக்கு வீடியோவில் பேசுவதன் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது, ஆங்கில உச்சரிப்பு பிடிபடாத இடத்தில் உதவும். அப்புறம், கூட ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கத்தில் அதையே படிக்க நினைப்பவர்கள் இருந்தால் அவர்களும் எனக்கு எழுதட்டும். சேர்த்துவிடுகிறேன்.