மகள் எரிமலை படிக்கிறேன் என்கிறாளா? தேவிகுளம் தாய்க்கு ஒரு பதில்

அம்மா, எரிமலை இல்லாத ஊரில் இருந்துகொண்டு எரிமலைப் படிப்பு எதற்கு என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். இந்தியாவில் உயிர்ப்போடு இருப்பது அந்தமானின் பாரன் தீவு ஒன்றுதான்; அங்கே குடியிருப்பும் இல்லை. ஆனால் மகள் சொல்லும் வேலை எரிமலை வாயை எட்டிப் பார்ப்பது அல்ல. மலை பொங்கினால் யார் வீடு, எந்தப் பாலம், எந்த மின்கம்பி அதன் வழியில் கிடக்கிறது என்று கணக்கெடுப்பது.

1985-ல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தபோது, உருகிய பனியும் சாம்பலும் சேறாக ஆற்றுவழியே இறங்கி, அர்மேரோ ஊரையே மூடின. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். ஆபத்து வரைபடம் சில வாரங்களுக்கு முன்பே வந்திருந்தது. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலையிலோ, சாம்பல்மேல் புயல்மழை பெய்து கூரைகள் சரிந்தன. 10 செ.மீ. ஈரச் சாம்பல் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ கனக்கும். அதனால்தான் கூரை தகரமா ஓடா கான்கிரீட்டா, சரிவு எவ்வளவு என்றெல்லாம் வீடுவீடாகக் குறிக்கிறார்கள். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரில் (மின்சாரம் கடத்தாத பீங்கான் போன்ற பகுதி) ஈரச் சாம்பல் படிந்தால் மின்சாரம் அதன்மேலேயே பாய்ந்து லைன் போய்விடும். அதையும் பார்க்க வேண்டும்.

இதே முறைதான் உங்கள் பக்கத்து உருள்பொட்டலுக்கும் (மலைச்சரிவில் மண்ணும் பாறையும் இறங்கும் நிலச்சரிவு). பழக, இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. செயற்கைக்கோள் படத்தில் நீளமாக ஒரே கூரை. கணினி அதை ஒரு கட்டடம் என்று எண்ணிவிடும். உள்ளே வரிசையாகப் பல குடும்பங்கள். கதவை எண்ணாமல் கணக்கு சரிவராது. நேரமும் முக்கியம்: பகலில் ஆட்கள் தேயிலைக் கொழுந்துக் காட்டில், இரவில் லயத்தில். மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 அன்று மண் இறங்கியது இரவில்; 70 உயிர்கள் போயின. பகல் கணக்கை மட்டும் வைத்துப் போட்ட வரைபடம் இதைக் காட்டாது. இன்னொன்று, வரைபடத்தை மீட்டரில் அளக்கும் யூடிஎம் 43 வடக்கு என்ற அளவு முறைக்கு மாற்றாமல் பாகையிலேயே (டிகிரி) விட்டால், ஓடையிலிருந்து 100 மீட்டர் என்று கொடுத்தது 100 பாகையாகிவிடும்.

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுக்கட்டும்; கேரளத்தில் ஜியாலஜியே (பாறை, மண் பற்றிய நிலவியல்) ஒரு பாடமாக உண்டு, கணிதத்தை மட்டும் விட வேண்டாம். பி.எஸ்சி. ஜியாலஜிக்குக் கோட்டயம் அரசுக் கல்லூரியோ தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியோ பார்க்கலாம். பிறகு ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வெழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. அது கையில் இருந்தால் யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குள் நுழையலாம். நாட்டின் நிலச்சரிவு ஆய்வுக்கு அதுதான் பொறுப்பு. எரிமலைதான் வேண்டும் என்று அப்போதும் சொன்னால், நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான் போன்ற இடங்களில் உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்குப் போகட்டும். கடன் வாங்கி இப்போதே அனுப்பாதீர்கள்.

பேரிடர் மேலாண்மை டிப்ளமோ என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். ஜியாலஜியும் புள்ளியியலும் இல்லாமல் அந்தச் சான்றிதழ் தனியாக வேலை வாங்கித் தராது.

இந்த விடுமுறையில் உங்கள் தோட்டத்து டிவிஷனில் ஒரே ஓடையை எடுத்து, இரு கரையிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் கதவுகள், கூரை வகை, இரவில் தூங்குவோர் எண்ணிக்கை மூன்றையும் அவளே குறித்து வரச் சொல்லுங்கள், மழை இல்லாத நாளாகப் பார்த்து. பாதியில் சலித்துவிட்டால் வேறு படிப்பு பேசலாம்.