இந்தியானாவின் மூன்று ஆடுகளங்கள்: கூடைப்பந்து கேள்வி பதில்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கூடைப்பந்தைப் பள்ளி, கல்லூரி, தொழில்முறை என மூன்று நிலைகளிலும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். கல்லூரி ஆட்டம் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது?

கடிகாரம் ஒரு காரணம். என்.பி.ஏ.வில் பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். கல்லூரியில் 30 விநாடி கிடைக்கிறது. ஆனால் பெரிய காரணம் வேறு. என்.பி.ஏ.வில் தடுப்பவர் எதிராளி எவரையும் நெருங்கிக் காக்காமல் கூடைக்கு முன்னால் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரியில் அந்த விதி கிடையாது. நெடிய ஒருவர் வளையத்தின் கீழே காலூன்றி நின்றுவிட்டால் உள்ளே புகுவதே பெரும்பாடு. அதனால்தான் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி, இடைவெளி கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள். அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு அந்த நெடியவரை ஐந்து நிமிடம் பாருங்கள்.

கேள்வி: அந்த 24 என்ற எண் எப்படி வந்தது?

பந்தைப் பதுக்கி ஆடிய கொடுமையால் வந்தது. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என வென்றது. பிஸ்டன்ஸ் அப்போது இந்தியானா அணி. 1957இல்தான் டெட்ராய்ட்டுக்குப் போனது. லேக்கர்ஸின் நெடிய நட்சத்திரம் ஜார்ஜ் மைக்கன் கையில் பந்து சிக்காமல் இருக்க, எறியாமல் பந்தை வைத்துக்கொண்டே நேரத்தைக் கழித்தார்கள். என்.பி.ஏ.வில் இன்றுவரை இதைவிடக் குறைந்த புள்ளிகளில் முடிந்த ஆட்டம் இல்லை. பிறகு சிராகியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டமொன்றில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை எறிகின்றன. 48 நிமிடம் என்பது 2,880 விநாடி. வகுத்தால் 24. 1954-55 பருவத்திலிருந்து அதுவே விதி.

கேள்வி: சிற்றூர்ப் பள்ளியான மைலன் மாநிலக் கோப்பையை வென்ற கதையை எல்லாரும் சொல்கிறார்கள். கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்களோ?

இல்லை. 161 மாணவர்கள் படித்த பள்ளி அது. அன்று இந்தியானாவில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவு இல்லை. எல்லாருக்கும் ஒரே போட்டி, ஒரே கோப்பை, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1954 இறுதியாட்டத்தில் எதிரே நின்றது மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளி. கடைசிக் கால்பகுதியில் மைலனின் பாபி பிளம்ப் நான்கு நிமிடத்துக்கும் மேலாகப் பந்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். அதுவும் அணி பின்தங்கியிருந்தபோது! பள்ளி ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற கடிகாரம், இல்லாததால் அது விதிக்கு உட்பட்டதே. முடிவில் ஸ்கோர் 30-30 ஆனபோதும் பந்தை வைத்துக்கொண்டு காத்திருந்து, சில விநாடிகளே மீதமிருக்கையில் எழும்பி எறிந்தார். 32-30.

ஃபோர்ட் வெய்ன் செய்ததும் பிளம்ப் செய்ததும் ஒரே தந்திரம்தானே என்று கேட்பீர்கள். ஆம், அதேதான். சம்பளத்துக்கு ஆடுபவர்கள் செய்தால் டிக்கெட் வாங்கியவர் ஏமாந்துபோகிறார். 161 பேர் படிக்கும் பள்ளி செய்தால், பலவானை எதிர்கொள்ள அதற்கிருக்கும் ஒரே ஆயுதம் அது. பள்ளி ஆட்டத்துக்கும் ஷாட் கிளாக் வேண்டும் என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம்.

1997உடன் அந்த ஒற்றைப் போட்டி முடிந்தது. இப்போது மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவுகள், நான்கு கோப்பைகள். சிறிய பள்ளிகளுக்கு அது நியாயம் என்கிறார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கேள்வி: பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ஆஸ்கர் ராபர்ட்சன் அதே காலத்தவர்தானே?

ஆம். அவர் படித்த இண்டியானாபொலிஸ் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியை அந்த 1954 போட்டியிலேயே மைலன் வீழ்த்தியது. கறுப்பின மாணவர்களைத் தனியே ஒதுக்கிவைக்க 1927இல் திறக்கப்பட்ட பள்ளி அது. பார்வையாளர் அமர்ந்து பார்க்கத் தகுந்த உள்ளரங்கம்கூடச் சொந்தமாக இல்லை. 1955இல் கோப்பையை வென்றார்கள்; அமெரிக்காவில் எல்லாருக்குமான மாநிலப் போட்டியொன்றை வென்ற முதல் கறுப்பினப் பள்ளி அதுதான். வெற்றி பெறும் அணி நகர மையத்தில் கொண்டாடுவது வழக்கம். இவர்களையோ அங்கே நிலைத்துக் கொண்டாட விடாமல், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியின் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு 31 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் மறுபடியும் வென்றார்கள்.

ராபர்ட்சன் 1961-62 என்.பி.ஏ. பருவம் முழுவதற்கும் டிரிபிள் டபுள் சராசரி (புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல்) வைத்தார் என்பது பலருக்கும் தெரியும். அதைவிட நான் மதிப்பது, வீரர் சங்கத் தலைவராக 1970இல் என்.பி.ஏ.வுக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கு. 1976இல் அது சமரசமாக முடிந்தபோதுதான் வீரர்கள் தாங்கள் விரும்பும் அணிக்குப் போக வழி பிறந்தது.

கேள்வி: கல்லூரி வீரர்களுக்கு இப்போது பணம் கிடைக்கிறதே, ஆட்டம் கெட்டுவிடாதா?

2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகக் கொடுக்கின்றன. கொடுக்கட்டும். அரங்கம் நிறைந்ததே அவர்களால்தான். என் வருத்தமெல்லாம் வீரர்கள் கல்லூரி மாறி மாறிப் போய், ஆண்டுதோறும் அணி கலைந்துபோவதில்தான். 1976இல் 32 ஆட்டங்களிலும் வென்று தேசியக் கோப்பை எடுத்த இந்தியானா பல்கலைக்கழக அணியின் முக்கிய வீரர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே ஆடியவர்கள். அதன்பிறகு ஆண்கள் போட்டியில் எந்த அணியும் தோல்வியே காணாமல் கோப்பையைத் தொடவில்லை.

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். யாரைப் பார்த்துக் கற்கச் சொல்லலாம்?

அம்மா, ரெஜி மில்லரைக் காட்டுங்கள். 1995 மே 7, நியூயார்க். மில்லர் ஆடிய நம் என்.பி.ஏ. அணியான இந்தியானா பேசர்ஸ் ஆறு புள்ளி பின்தங்கியிருக்கிறது, மீதம் 18.7 விநாடி. மில்லர் ஒரு மூன்று புள்ளி எறிகிறார். எதிரணியான நியூயார்க் நிக்ஸ் உள்ளே எறிந்த பந்தைப் பறிக்கிறார். அடுத்து என்ன செய்கிறார் என்பதை அவளுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள்: கூடை பக்கத்திலேயே இருக்க, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பின்னால் ஓடி, இன்னொரு மூன்று புள்ளி. பிறகு இரண்டு ஃப்ரீ த்ரோ. 8.9 விநாடியில் 8 புள்ளி, 107-105. அந்தப் பதற்றத்திலும் எத்தனை புள்ளி தேவை என்ற கணக்கு அவர் தலைக்குள் தெளிவாக இருந்தது. பந்து கையில் இல்லாதபோது அவர் ஓடும் ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேசர்ஸ் என்றைக்காவது என்.பி.ஏ. கோப்பையை வெல்லுமா?

2025இல் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம்வரை போனோம். அதன் முதல் கால்பகுதியிலேயே எங்கள் நட்சத்திரம் டைரீஸ் ஹாலிபர்ட்டனின் குதிகால் நாண் அறுந்தது. அந்த இரவைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியவில்லை. ஆனால் வெல்லும்.

கேள்வி: வேலை நிமித்தமாகக் குளிர்காலத்தில் இண்டியானாபொலிஸ் போகிறேன். எந்த ஆட்டத்தைப் பார்ப்பது?

பேசர்ஸ் டிக்கெட் கிடைத்தால் வாங்குங்கள். 1928இல் திறந்த ஹிங்கிள் அரங்கில் பட்லர் பல்கலைக்கழகத்தின் பகல் ஆட்டம் இருந்தால் கட்டாயம் போங்கள். பிளம்ப் அந்தப் பந்தை எறிந்தது அங்கேதான், உயர்ந்த சன்னல்கள் வழியே வெயில் ஆடுகளத்தில் விழும். ஆனால் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால், அது வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். காரை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சிற்றூருக்குப் போய், பள்ளி வாசலில் வண்டிகள் நிறைந்து நிற்கும் இடத்தில் இறங்குங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போனால்தான் உட்கார இடம் கிடைக்கும்.