டல்லாஸில் பங்குனி உத்திரம் என்றைக்கு?

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து டல்லாஸ் வந்து மூன்று மாதம். ஆபீசில் வடக்கத்திக்காரர்கள் "ஹிந்தி தெரியாத இந்தியனா?" என்கிறார்கள். தீபாவளிக்கு லட்சுமி பூஜைக்குக் கூப்பிடுகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குலசாமியான சாஸ்தா கோயிலுக்குப் போக வழியில்லை. இங்கே நான் யார் என்று சொல்லிக்கொள்வது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது, அண்ணாச்சி?

சாஸ்தாவிலிருந்து தொடங்குகிறேன். மற்றதில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

நம்ம பக்கம் ஒருத்தன் எந்த ஊர்க்காரன் என்பதை, கோயில் கொடைக்கு (ஆண்டுத் திருவிழாவுக்கு) வீட்டுக்கு வீடு வசூலிக்கும் வரி நோட்டுதான் சொல்லும். கல்யாணம் ஆனால் தனித் தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கும் தனிக் குடும்பம். ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் பெயர் நோட்டில் இருக்கும், கட்டாதது பாக்கி என்று ஏறும். "அப்பா கணக்கிலேயே போகட்டும்" என்று விட்டால் அப்பாவுக்குப் பிறகு உங்கள் பெயர் அங்கே இருக்காது. கல்யாணம் முடிந்த கையோடு தனியாக எழுதச் சொல்லுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்பி ரசீது கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்கும்வரை சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அன்றே இது மாறிவிடும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும் உங்கள் பணம் வெளிநாட்டுப் பணம். வாங்குகிற கமிட்டி உள்துறை அமைச்சகத்தில் பதிந்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் இறங்க வேண்டும். எந்தக் கொடைக் கமிட்டியிடம் இந்தப் பதிவும் கணக்கும் இருக்கிறது? பாளையங்கோட்டைச் சபைக்கோ மேலப்பாளையம் பள்ளிவாசலுக்கோ அனுப்பினாலும் இதே விதிதான், ஆகவே முதலில் பதிவு உண்டா என்று கேளுங்கள். பதிவில்லாமல் வாங்கினால் முதலில் மாட்டுவது நோட்டுப் போட்டு வசூலித்த பெரியவர்கள். சொந்தக்காரர் செலவுக்கு அனுப்புவது வேறு. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்வரை யாருக்கும் தகவல் சொல்லத் தேவையில்லை. ஆனால் அண்ணன் கணக்கில் போட்டு அவர் கையால் கமிட்டிக்குக் கொடுப்பது சட்டத்தைச் சுற்றிப் போவது.

இனி தேதி. ஊர்க் காலண்டரைப் பார்த்து டல்லாஸ் கோயிலுக்குப் போனால் "உத்திரம் நேற்றே முடிந்தது" என்பார்கள். பங்குனியில் டல்லாஸ் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். உத்திரம் ஊரில் மதியம் 2 மணிவரை இருந்தால், அங்கே அதே தேதி விடியற்காலை 3.30க்கே முடிந்துவிடும். சூரிய உதயத்து நட்சத்திரத்தைக் கணக்கில் எடுக்கும் கோயில், முந்தின நாளையே உத்திரமாகக் கொள்ளும். இரண்டும் சரிதான். அங்குள்ள கோயிலுக்கு அந்த ஊர்ப் பஞ்சாங்கம். குலசாமிக்கு வீட்டில் விளக்கேற்றுவது ஊர்த் தேதியில் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. ஊரோடு சேர்ந்து கும்பிடுவதுதானே அதில் விசேஷம். கோடையில் நடக்கும் கொடைக்கும் இதே கணக்கு: ஊரில் நள்ளிரவு 12க்குச் சாமக்கொடை என்றால் உங்களுக்கு மதியம் ஒன்றரை. சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் பார்த்துவிடலாம். நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை பதினொன்றரை மணி வித்தியாசம்.

லீவு கேட்க வெட்கப்பட வேண்டாம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம், தொழிலுக்குப் பெரிய பாரம் இல்லாதவரை, மத அனுஷ்டானத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டம் சொல்கிறது. இரண்டு மூன்று வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். சாஸ்தா யார் என்று விளக்கப் போனால் மேனேஜருக்குத் தலை சுற்றும்; "குடும்பக் கோயிலின் ஆண்டுத் திருவிழா" போதும்.

வீட்டில் விளக்கு சரி, கற்பூரமும் சாம்பிராணியும் ஆபத்து. அபார்ட்மெண்டில் புகை அலாரம் அலறும். சில கட்டடங்களில் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கும். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும், எட்டாத இடத்தில் வையுங்கள். வாசலில் ஸ்வஸ்திகா வேண்டாம், அங்கே அதை ஹிட்லர் சின்னமாகத்தான் படிப்பார்கள். நமக்குப் பிள்ளையார் சுழியும் சந்தனப் பொட்டும் இருக்கிறதே. ஊரிலிருந்து திருநீறு கொண்டுவந்தால் செக்-இன் பெட்டியில் போடுங்கள். அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் பிடுங்கிவிடலாம். கருவேப்பிலை கூடாது, கொப்பரை விமானத்திலேயே ஏறாது.

இப்போது ஹிந்திக்காரருக்குப் பதில். "அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழி இருக்கிறது, என்னுடையது தமிழ்." ஒரே வரி, சிரித்தபடி. அதற்கு மேல் மல்லுக்கட்டுவது வீண் வேலை. லட்சுமி பூஜைக்குத் தாராளமாகப் போங்கள்: நம்ம தீபாவளி சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதோடு தொடங்கும், அவர்களுடையது அமாவாசை மாலை. ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை. ஆனால் "இந்தியர் எல்லாரும் இந்து" என்று வெள்ளைக்காரர் சொல்லும்போது தலையாட்டிவிடாதீர்கள். தூத்துக்குடிப் பனிமய மாதா தேரையும் பொட்டல்புதூர் பள்ளிவாசலையும் தெரிந்த ஊர்க்காரர் அப்படித் தலையாட்டக் கூடாது.

பெருமை பேசுவதிலும் எச்சரிக்கை. "யுனெஸ்கோ நம்ம தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று அறிவித்தது" என்ற வாட்ஸ்அப் செய்தி பொய். ஆபீசில் சொன்னால் எதிரில் இருப்பவர் அங்கேயே கூகுளில் தேடிவிடுவார். இடமும் ஆண்டும் உள்ளதைச் சொல்லுங்கள்: 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் வெள்ளைக்காரன் கம்பெனியோடு போட்டிபோட்டு ஓடியது. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் ஆய்வகக் கணக்கில் கி.மு. 1155. இவ்வளவு கைவசம் இருக்கும்போது பொய் எதற்கு?

கடைசியாக ஓட்டு. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரிக்குப் படிவம் 6ஏ நிரப்பிப் பதியலாம். ஆனால் தபாலிலும் இல்லை, தூதரகத்திலும் இல்லை. அசல் பாஸ்போர்ட்டோடு ஊர் வாக்குச்சாவடிக்கே போக வேண்டும். அமெரிக்கக் குடிமகனானால் அதுவும் போய்விடும், ஓசிஐக்கு ஓட்டில்லை. தாமிரபரணி பாயும் நஞ்சையை விலைக்கு வாங்கவும் முடியாது, வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். (நஞ்சை வாங்க முடியாதது என்ஆர்ஐ-யாக இருக்கும் இப்போதும்தான்.) தேர்தல் இப்போதெல்லாம் ஏப்ரல், மேயில் வருகிறது. உத்திரத்தோடு ஒரே டிக்கெட்டில் சேர்ப்பது கஷ்டம், சித்திரைக் கொடை என்றால் சேரலாம். கிளம்புமுன் விசா முத்திரையின் தேதியைப் பாருங்கள். அது காலாவதியாகியிருந்தால் சாமி கும்பிட்டுவிட்டு, சென்னைத் தூதரக அப்பாயிண்ட்மெண்டுக்காக ஊரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.