பழைய தோட்டாவுக்கு எந்த ஆக்‌ஷன்? – கேள்வி பதில்

கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய தோட்டாக்களுக்குப் புதிதாக வேட்டை ரைஃபிள் கட்டித் தருவதுதான் முக்கிய வேலை. எந்த ஆக்‌ஷனை எடுப்பது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். குழலையும் மரத்தையும் கழற்றிய பிறகு மிஞ்சும் ரிசீவர் என்ற இரும்பு உடல், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட், தோட்டாக்கள் இருக்கும் மேகசின் பெட்டி, டிரிகர் எல்லாம் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன். உரிமம் வைத்திருப்பவர்களுக்கும், வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கும் மட்டுமே இது.

எட்மண்டன்: அண்ணா, ஜிம் கார்பெட் வைத்திருந்த மாதிரி .275 ரிக்பி ஒன்று மான் வேட்டைக்குக் கட்டிக்கொள்ள ஆசை. எந்த ஆக்‌ஷன் எடுக்கலாம்?

நல்ல ஆசை தம்பி. 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் கார்பெட்டுக்குக் கொடுத்த பரிசு அந்த ரைஃபிள். மவுசர் 98 ஆக்‌ஷன் மேல் லண்டன் ரிக்பி நிறுவனம் கட்டியது. .275 ரிக்பி என்பது 7×57 மவுசர் தோட்டாவேதான் (7 மி.மீ. குண்டு, 57 மி.மீ. உறை). ஆகவே நீங்களும் மவுசர் 98-லேயே நில்லுங்கள்.

எந்த 98 என்பதுதான் அடுத்த கேள்வி. 7×57 தோட்டாவின் முழு நீளம் 78 மி.மீ. ராணுவ 98-இன் மேகசின் பெட்டி 8×57-க்காகச் செய்தது, உள்நீளம் சுமார் 84 மி.மீ. எனவே முன்னால் கொஞ்சம் இடம் மிஞ்சும். சுடும்போது உதைப்பில் தோட்டாக்கள் முன்னும் பின்னும் ஓடி, குண்டின் ஈய முனை நசுங்கும். பெட்டியின் பின்சுவரில் ஒரு தடுப்புத் தகடு வைத்தால் அது சரியாகும். பிரேசில் 1908 மாடல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பெர்லினில் டி.டபிள்யூ.எம். தொழிற்சாலை செய்தது, பிறப்பிலேயே 7×57.

அகலத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் பார்ப்பதே இல்லை. மவுசர் பெட்டியில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து படுக்கும். அடிப்பகுதி விட்டத்தை 1.866-ஆல் பெருக்கினால் பெட்டியின் சரியான உள் அகலம் வரும். 7×57-க்கு அடிவிட்டம் 12 மி.மீ., அகலம் 22.4. .416 ரிக்பிக்கு அடிவிட்டம் 15, அகலம் 28. தோட்டா உறை குறுகத் தொடங்கும் தோள்பட்டை இருக்கும் இடத்துக்குத் தனியாக இதே கணக்கைப் போட்டால் பெட்டி முன்பக்கம் எவ்வளவு குறுக வேண்டும் என்பதும் தெரியும். அகலம் கூடினால் இரண்டு வரிசையும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிச் சிக்கும். குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று, பெட்டி வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடுகளை நெம்பும். மவுசர் ஆட்கள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பெட்டி செய்ததற்குக் காரணம் இதுதான். 7×57, 8×57, .270, .30-06 நான்குக்கும் அடி விட்டம் ஏறத்தாழ ஒன்று என்பதால் பின்பக்க அகலத்தில் சிக்கல் வராது.

ஸ்கார்பரோ: என்னிடம் யூகோஸ்லாவியா எம்48 மவுசர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் .30-06 குழல் போடலாமா?

வேண்டாம். எம்48 இடைநிலை நீள ஆக்‌ஷன். சாதாரண 98-இன் ரிசீவர் 222 மி.மீ. என்றால் இது 216. .30-06 தோட்டாவின் அதிகபட்ச நீளம் 84.8 மி.மீ., முழு நீள 98-இன் பெட்டிக்கே அது சற்று அதிகம். எம்48-ஐ 7×57-க்கோ .257 ராபர்ட்ஸுக்கோ வைத்துக்கொள்ளுங்கள், அழகாக இருக்கும். முதலில் தோட்டாவின் நீளம், பிறகு ஆக்‌ஷன். மாற்றிச் செய்யாதீர்கள்.

டர்பன்: எருமை வேட்டைக்கு .375 ஹாலண்ட் கட்ட வேண்டும். கையில் செக் நாட்டில் செய்த விஇசட்24 என்ற நல்ல மவுசர் 98 இருக்கிறது. உள்ளே அரைத்து நீளம் கூட்டினால் போதும் என்று ஒருவர் சொல்கிறார்.

அரைக்க விடாதீர்கள். இதை எத்தனை பேர் கேட்டாலும் பதில் மாறாது.

.375 ஹாலண்ட் 91 மி.மீ.-க்கும் மேல் நீளம். 222 மி.மீ. ரிசீவரில் அதை நுழைக்க முன்பக்கம் தோட்டா ஏறிச் செல்லும் சரிவான ஃபீட் ராம்ப்பிலும், பின்பக்கம் ரிசீவரின் பிரிட்ஜ் சுவரிலும் உலோகத்தை எடுக்க வேண்டும். ஃபீட் ராம்ப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ரிசீவரைத் திருப்பிப் பாருங்கள். போல்டின் கீழ் லக் (போல்டைப் பூட்டும் புடைப்பு) முட்டுக்கொடுக்கும் திண்டு அங்கேதான் இருக்கிறது. வெடிப்பின் முழு அழுத்தத்தையும் தாங்குவது இரண்டே லக்குகள், அதில் ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் இரும்பைத்தான் நீங்கள் குறைக்கிறீர்கள். போன நூற்றாண்டில் இப்படிச் செய்த ரைஃபிள்கள் ஏராளம், பல இன்னும் சுடுகின்றன என்பதும் தெரியும். ஆனாலும் எருமைக்கு முன்னால் நிற்பதற்கென்று கட்டும் ரைஃபிளில் அந்த இரும்பு எனக்கு முழுதாக இருக்க வேண்டும்.

வழி மூன்று உண்டு. ஒன்று, மேக்னம் நீள மவுசர். ரிசீவர் 235 மி.மீ., புதிதாக இன்றும் செய்கிறார்கள், விலை கையைச் சுடும். இரண்டு, பிர்னோ இசட்.கே.கே. 602 அல்லது அதன் வாரிசான சி.இசட். 550 மேக்னம். .416 ரிக்பியையே விழுங்கும் பெட்டி. உற்பத்தி நின்றுவிட்டாலும் தென்னாப்பிரிக்காவில் பழையது கிடைக்கும், நீங்கள் அங்கே இருப்பதால் முதலில் இதைத் தேடுங்கள். மூன்று, முதல் உலகப் போர்க் கால என்ஃபீல்டு பி14. .303 தோட்டாவின் அடி விளிம்புக்காகச் செய்த போல்ட் முகம் என்பதால் .375-இன் விளிம்பு கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். பார்வைக்கு முரடு. பின்பக்க சைட்டைக் காக்கும் இரண்டு காதுகளையும் சீவி எடுக்க வேண்டும். பழைய குழலைக் கழற்றுமுன் ஒரு எச்சரிக்கை: எடிஸ்டோன் தொழிற்சாலையில் செய்தவற்றில் குழலை மிக இறுக்கமாகப் பூட்டியிருப்பார்கள், கழற்றும்போது ரிசீவரில் விரிசல் விடக்கூடும். கழற்றியதும் விரிசல் சோதனை செய்யாமல் அடுத்த வேலையைத் தொடங்காதீர்கள்.

சென்னை: ஐயா, பாட்டனாரின் பழைய ரைஃபிள் வீட்டில் உள்ளது. குழலை மாற்றி வேறு தோட்டாவுக்குக் கட்டலாமா?

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை கிடையாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் பழுது பார்ப்பதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆவணங்களை எடுத்துக்கொண்டு உரிமம் பெற்ற டீலரிடமும் உங்கள் மாவட்ட உரிம அதிகாரியிடமும் போங்கள். எங்கோ இருந்து நான் சொல்லக்கூடிய காரியம் இல்லை இது.

பெர்த்: அண்ணே, மவுசர் மவுசர் என்கிறீர்கள். போல்ட் தோட்டாவை முதலிலிருந்தே பற்றிக்கொண்டு போகும் கன்ட்ரோல்ட் ஃபீட் எல்லாம் பழம்பெருமை. அமெரிக்க ராணுவத்தின் எம்24, எம்40 ஸ்னைப்பர் ரைஃபிள்கள் ரெமிங்டன் 700 மேல் கட்டியவை. அதைவிட என்ன வேண்டும்?

ரெமிங்டன் 700-ஐ நான் குறை சொல்லவில்லை. 1962-இலிருந்து வருகிறது, குறிபிசகாமல் சுட வைப்பது எளிது, டிரிகரும் குழலும் எங்கும் கிடைக்கும். மானுக்கு .270 கட்டுகிறவர் அதை எடுத்தால் தடுக்கமாட்டேன். ஸ்னைப்பர் படுத்துக்கொண்டு, நிதானமாகப் போல்டை இழுக்கிறார். அவருக்கு வேண்டியது வேறு.

மவுசரில் தோட்டா மேகசினை விட்டு எழும்பும்போதே அதன் விளிம்பு, உறையை வெளியே இழுக்கும் நீண்ட எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்குள் ஏறிவிடும். அதன்பிறகு போல்ட் போகும் இடமெல்லாம் தோட்டாவும் போகும். 700-இல் போல்ட் தோட்டாவை வெறுமனே முன்னால் தள்ளும், குழலின் பின்னறையான சேம்பருக்குள் முழுதாக உட்கார்ந்த பிறகுதான் எக்ஸ்ட்ராக்டர் பற்றும். பதற்றத்தில் பாதி தள்ளிவிட்டு, தள்ளவில்லை என்று நினைத்துத் திரும்ப இழுத்துத் தள்ளினால், முதல் தோட்டா சேம்பரிலேயே கிடக்க, இரண்டாவது அதன் முதுகில் முட்டும். காட்டெருமை வரும்போது அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

டர்பன் (முன்பு கேட்டவர்): சரியாகச் சொன்னீர்கள். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் மவுசர்தான் தோட்டா ஏற்றும், 700 ஏற்றாது.

நம் பக்கம் பேசுகிறீர்கள், ஆனாலும் இது தவறு. 700-உம் தலைகீழாக ஏற்றும். மேகசின் உதடுகள் தோட்டாவை நீண்ட நேரம் பிடித்திருக்கும், அதற்குள் மூக்கு சேம்பரில் நுழைந்துவிடும். இந்தத் தலைகீழ்க் கதையைச் சொல்லி வாதம் செய்தால் எதிராளி ஒரே நிமிடத்தில் செய்து காட்டி உங்களை உட்கார வைத்துவிடுவார். மவுசரின் பலம் அரைகுறை இழுப்பில் இருக்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெர்த்: அப்படியானால் அரைகுறையாக இழுப்பது சுடுபவரின் குற்றம். பயிற்சி எடுத்தால் போச்சு. ஆக்‌ஷனுக்கு எதற்குச் செலவு?

பயிற்சி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி எடுத்தவர் கையும் நடுங்கும். நடுங்கும் கையை மன்னிக்கிற இயந்திரம் கிடைக்கும்போது அதை ஏன் விடுகிறீர்கள்? எக்ஸ்ட்ராக்டரின் அளவையும் பாருங்கள். 700-இல் இருப்பது போல்ட் முகத்துக்குள் அடங்கிய சின்னத் தகடு. 98-இல் இருப்பது விளிம்பில் நல்ல அகலத்துக்குக் கடிக்கும் நகம். வெயிலில் சூடேறிய தோட்டா சேம்பரில் ஒட்டிக்கொண்டால் எது பிய்த்து இழுக்கும்? வாயு கசிந்தால் என்ன ஆகும் என்பதையும் பால் மவுசர் யோசித்து வைத்திருக்கிறார். போல்ட் உடலில் இரண்டு துளைகள் வாயுவை இடப்பக்கத் தடத்தில் திருப்பும், போல்டின் பின்மூடியான ஷ்ரௌடின் அகன்ற விளிம்பு முகத்தைக் காக்கும், பின்னால் மூன்றாவது லக் காவலுக்கு நிற்கும். 1898-இல் யோசித்தது.

ஆக்லாந்து: உங்கள் வாதத்தில் நானும் கலந்துகொள்கிறேன். என் பழைய ரூகர் எம்77-இல் நீண்ட நகம் இருக்கிறது. அப்படியானால் அது கன்ட்ரோல்ட் ஃபீட்தானே?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 1968-இல் வந்த எம்77-இல் நகம் மவுசர் மாதிரி இருக்கும், ஏற்றும் முறை தள்ளுவதுதான். பிறகு வந்த மார்க் 2-இலிருந்துதான் உண்மையான கன்ட்ரோல்ட் ஃபீட். வின்செஸ்டர் மாடல் 70-இலும் கவனம் வேண்டும். 1936 முதல் 1963 வரை செய்தவை நமக்கு வேண்டியவை, 1964-இல் முறையை மாற்றினார்கள், 1990-களில் கிளாசிக் என்ற பெயரில் பழையது திரும்பியது.

நகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேகசினில் டம்மி தோட்டா போட்டு, போல்டை மெதுவாகத் தள்ளுங்கள். தோட்டா உதடுகளை விட்டு விடுபட்டதும், சேம்பருக்குள் போகுமுன் நிறுத்தித் திரும்ப இழுங்கள். போல்டோடு சேர்ந்து வந்தால் கன்ட்ரோல்ட் ஃபீட். அங்கேயே கிடந்தால் இல்லை. டம்மியில் மட்டுமே செய்ய வேண்டும், நிஜத் தோட்டாவில் கூடாது.

இன்னொன்று. ராணுவ 98-இல் தோட்டாவைக் கையால் சேம்பரில் போட்டு போல்டை அறைந்து மூடாதீர்கள். அந்த நகம் விளிம்பைத் தாண்டிக் குதிப்பதற்காகச் செய்ததில்லை, உடையும். எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

பெர்த்: அண்ணே, சரி, எருமைக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

நான் கேட்டதும் அவ்வளவுதான்.

கால்கரி: 9.3×62 கட்ட ஆசை. யாருமே அதைப் பற்றிப் பேசுவதில்லையே?

நான் பேசுகிறேன். பெர்லின் துப்பாக்கிக் கலைஞர் ஓட்டோ போக் 1905-இல் உருவாக்கினார். ஆப்பிரிக்காவின் ஜெர்மன் காலனிகளில் இருந்த விவசாயிகளுக்கு மேக்னம் ஆக்‌ஷன் வாங்க வசதியில்லை. அவர்கள் வாங்கக்கூடிய சாதாரண 98-இல் நுழையும்படியே நீளத்தைத் தீர்மானித்தார், 83.6 மி.மீ. 286 கிரெய்ன் எடைக் குண்டு. ஆக்‌ஷனில் ஒரு துளி இரும்பைக்கூட வெட்டாமல் பெரிய விலங்குக்கு ரைஃபிள் கட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. மூஸ், எல்க், கரடி எல்லாவற்றுக்கும் போதும். ஆப்பிரிக்கா போவதாக இருந்தால் அந்த நாட்டின் குறைந்தபட்ச விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் .375 கேட்பார்கள். உங்களுக்கு விஇசட்24 அல்லது போருக்குப் பிந்தைய பெல்ஜியம் எஃப்.என். 98 போதும்.

வின்னிபெக்: எது ரொம்ப நல்ல ஆக்‌ஷன்?

எந்தத் தோட்டாவுக்கு என்று சொல்லுங்கள். அது இல்லாமல் பதில் இல்லை.

சிட்னி: .375 ஹாலண்டை சாதாரண 98-இல்...

அரைக்காதீர்கள். மேலே டர்பன் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சிட்னி (வேறொருவர்): தென்னிந்தியப் புலி வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் தோட்டாவை மவுசரில் கட்டலாமா?

வேண்டாம். .405 விளிம்பு துருத்திய தோட்டா. மவுசர் பெட்டியில் ஒன்றின் விளிம்பு மற்றதன் விளிம்பில் மாட்டும். அவர் வைத்திருந்தது பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 லீவர் ரைஃபிள். அதே மாடலைத் தேடுங்கள், அல்லது ரூகர் நம்பர் 1 ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் .405 வந்திருக்கிறது, அதை வாங்குங்கள். இரண்டிலும் உங்கள் வேலை பாதி குறையும்.

மாண்ட்ரியல்: ஸ்பிரிங்ஃபீல்டு 1903 மலிவாகக் கிடைக்கிறது.

வரிசை எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தது என்றால் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆலையில் செய்தது என்றால் 285,507-க்குக் கீழும் தொடாதீர்கள். சூடேற்றிப் பதப்படுத்திய பழைய முறையில் எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது, சில சிதறியும் இருக்கின்றன.

மெல்பர்ன்: அர்ஜென்டினா 1909 அழகாக இருக்கிறதே, பலமா?

அழகுதான். கீழ்த் தகடு கீல் போட்டுத் திறக்கும், அதற்காகவே நல்ல கலைஞர்கள் தேடுவார்கள். எஃகு மென்மையானது. பழைய மவுசர் ரிசீவர்கள் மேல்தோலில் மட்டுமே கடினமாக்கியவை, லக் திண்டுகளை ஆழமாகத் தேய்த்தால் அந்தத் தோல் போய்விடும். பிறகு சுடச்சுட லக் பின்னால் பதியும், போல்ட் முகத்திலிருந்து தோட்டா முட்டி நிற்கும் இடம் வரையான தூரம் (ஹெட்ஸ்பேஸ்) கூடும். ராக்வெல் கடினத்தன்மைச் சோதனை செய்து, தேவைப்பட்டால் தெரிந்த இடத்தில் மறுசூடு கொடுத்த பிறகு 7×57-க்குப் போடுங்கள்.

எட்மண்டன் (வேறொருவர்): ஸ்கோப் எது நல்லது?

அது என் வேலை இல்லை. கண்ணாடி விற்பவரைக் கேளுங்கள்.

ஓட்டாவா: மாமாவிடமிருந்து 1963-க்கு முந்தைய மாடல் 70, .30-06, கீறல் இல்லாமல் வந்திருக்கிறது. .375 ஆக்கலாமா?

அந்த மாடலில் எல்லாத் தோட்டாவுக்கும் ரிசீவர் நீளம் ஒன்றுதான் என்பதால் முடியும். ஆனால் பெட்டி, உறையை வெளியே தள்ளும் எஜெக்டர், போல்ட் முகம், உள் வெட்டுகள் எல்லாம் மாற வேண்டும். கெடாத .30-06 ஒன்றை அதற்காகக் கலைக்காதீர்கள். குழல் தேய்ந்துபோன .300 ஹாலண்ட் மாடல் 70 தேடுங்கள். பெட்டியும் போல்ட் முகமும் ஏற்கெனவே சரியாக இருக்கும், குழலை மாற்றினால் போதும். மாமா கொடுத்ததை இந்த நவம்பரில் மானுக்கு எடுத்துப் போங்கள்.