அடிக்காத பூசாரியை வைத்துக்கொண்டு எப்படி விளையாடுவது?

கேள்வி: பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எங்கள் குழுவுக்கு நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிற ஆள். புதிதாகச் சேரும் என் தங்கை, எல்டாத் என்ற சமாதான தேவதையின் கிளெரிக்காக, அதாவது மந்திரம் தெரிந்த பூசாரியாக, வருவாளாம். யாரையும் அடிக்கவே மாட்டாளாம். மற்றவர்கள் எல்லாம் வாளை உருவக் காத்திருக்கிறவர்கள். இது சரிப்படுமா?

பதில்: தாராளமாகச் சரிப்படும். ஆனால் ஒன்றை மட்டும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். "நான் அடிக்க மாட்டேன்" என்கிறாளா, "உங்களையும் அடிக்க விட மாட்டேன்" என்கிறாளா? முதலாவது நல்ல கேரக்டர். இரண்டாவதை மற்றவர்களும் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. இல்லாவிட்டால் ஒவ்வொரு சண்டையும் பட்டிமன்றமாகிவிடும், பகடையை யாரும் தொட மாட்டார்கள்.

எல்டாத், இந்த விளையாட்டின் கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் தெய்வம். அருவி விழுந்து சலனமில்லாத குளத்தில் சேர்வதுதான் அவளுடைய சின்னம். சுனையும் தோப்பும்தான் கோயில். அவளுடைய பூசாரிகள் தாமாகக் கை ஓங்கக் கூடாது, தற்காத்துக்கொள்ளலாம். ஆக, உங்கள் தங்கை தேவதையைவிடக் கொஞ்சம் கறாராக இருக்கிறாள்!

விளையாட்டு விதிகளின் ஐந்தாம் பதிப்பில் உங்கள் தங்கைக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. சாங்ச்சுவரி என்ற காப்பு மந்திரத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டால், அவளைத் தாக்க வருகிறவன் முதலில் விஸ்டம் சேவ், அதாவது மன உறுதியைச் சோதிக்கும் பகடை, போட வேண்டும். தோற்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். அவளே யாரையாவது தாக்கினால் அந்த மந்திரம் கலைந்துவிடும், ஆனால் இவள்தான் தாக்கப்போவதில்லையே. அப்புறம், நெருங்கி நின்று போடும் சண்டையில் எதிரியின் ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு) பூஜ்யமாகும்போது, கொல்லாமல் மயக்கத்தில் தள்ளுகிறேன் என்று அடித்தவர் சொல்லலாம். வாள்வீரர்களிடம் இவள் கெஞ்சிக் கேட்க வேண்டியது அதைத்தான்.

2020-இல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' என்ற விதிப்புத்தகம் கைவசம் இருந்தால், கிளெரிக்குகளுக்கான பீஸ் டொமைன் என்ற சமாதானப் பிரிவைக் காட்டுங்கள். அதில் கூட்டாளிகளைப் பத்து நிமிடம் பிணைத்துவைக்கலாம். பிணைந்தவர்கள் ஒருவருக்கொருவர் 30 அடிக்குள் இருக்கும்வரை, முறைக்கு ஒருமுறை தங்கள் பகடை ரோலோடு ஒரு டி4 (நாலு முகப் பகடை) உருட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். தாக்கும் ரோலுக்கும் இது உண்டு. அதாவது, சமாதானத்தின் பெயரால் அடி இன்னும் குறி தப்பாமல் விழும்! இது எல்டாத்துக்குச் சம்மதமா என்று கதையில் வரும் ஒரு முதிய பூசாரியை விட்டு உங்கள் தங்கையிடம் கேட்க வையுங்கள். எனக்கு இந்த டொமைனில் பிடித்ததே இந்த முரண்தான்.

மீதி உங்கள் கையில் இருக்கிறது. சாகும்வரை சண்டையிடும் கோப்ளின் குட்டிப் பூதங்களையே அனுப்பிக்கொண்டிருந்தால் எந்தச் சமாதானமும் எடுபடாது. அவனவனுக்கு அவனவன் உயிர் வெல்லம். பாதிப் பேர் விழுந்ததும் மிச்சப் பேர் ஓடட்டும், சரணடையட்டும், பேரம் பேசட்டும்.

கேள்வி: எங்கள் விளையாட்டுக் குழுவில் ஒருவர் போர்க்கடவுள் டெம்பஸின் பக்தர், இன்னொருவர் எல்டாத் பக்தை. இருவரும் ஜென்மப் பகையாளிகள்தானே?

பதில்: அதுதான் இல்லை. டெம்பஸ் எல்டாத்தை எதிரியாகவே நினைப்பதில்லை. சமாதானம் என்று ஒன்று இல்லாவிட்டால் போருக்கு என்ன அர்த்தம் என்பது அவர் கட்சி. அவளுடைய பூசாரிகளையோ கோயில்களையோ தொடுகிற தன் பக்தர்களை அவரே தண்டிப்பார். எனவே எல்டாத்தின் சுனை ஒன்றை யாராவது சூறையாட வந்தால், அதைக் காக்க முதலில் ஓட வேண்டியவர் உங்கள் டெம்பஸ் பக்தர்தான். இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள், விளையாட்டில் தெரிந்துகொள்ளட்டும்.

கேள்வி: நாங்கள் இந்த விளையாட்டின் இன்னொரு கற்பனை உலகமான கிரேஹாக்கில் விளையாடுகிறோம். அங்கே அமைதிக்கென்று கடவுள் உண்டா?

பதில்: உண்டு, ராவ். அமைதியோடு பகுத்தறிவுக்கும் அவர்தான் கடவுள். வெள்ளை இதயம் அவர் சின்னம், வெலூனா அவரைப் பெரிதும் போற்றும் நாடு. க்ரூக் ஆஃப் ராவ் என்ற அவருடைய புனிதக் கோலைக் கொண்டு, அந்த உலகத்துக் கணக்கில் 586-ஆம் ஆண்டில், வெலூனாவின் தலைமைப் பூசாரியான கேனன் ஹேசன், ஃப்ளானஸ் நிலத்திலிருந்த பேய்ப் படைகளில் பெரும்பாலானவற்றைத் துரத்தினார். தப்பி ஒளிந்த பேய் ஒன்று அந்தக் கோலைத் தேடிக் கிளம்பியிருக்கிறது என்று உங்கள் கேம்பெயினை, அதாவது தொடர்கதையை, தொடங்கிப் பாருங்கள்.