வெங்காயத் தோட்டத்து ரோச்சுக்கு எந்தப் பற்றறி?

யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய கணவர் விடிய நாலு மணிக்கு வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறப் போகிறவர். அவரின் ரோச்சுக்கு மூன்று பென்ரோச் (AA அளவு) பற்றறி வேண்டும், அது ஒரு கிழமைதான் தாங்குகிறது. அதோடு பிள்ளையின் விளையாட்டுக் கார், மாமியாருக்குப் பிரஷர் பார்க்கிற மெசின், சுவர் மணிக்கூடு, ரிவி ரிமோட் என்று மாதம் பதினைந்து பதினாறு பற்றறி போகிறதாம். சார்ஜ் பண்ணுகிற பற்றறி வாங்கினால் உண்மையிலேயே காசு மிஞ்சுமா, கடைக்காரர் மூன்று மாதத்தில் பழுதாகிவிடும் என்கிறாரே, முன்பு வாங்கிய, சுவர் பிளக்கில் குத்திச் சார்ஜ் ஏற்றுகிற ரோச்சும் ஆறு மாதத்தில் செத்துப் போனதே என்று கேட்கிறார்.

மிஞ்சும். ஆனால் வீட்டிலுள்ள எல்லாச் சாமானிலும் மிஞ்சாது.

முதலில் ரோச்சை எடுப்போம். கிழமைக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 150 பற்றறிக்கு மேல். அத்தனையும் குப்பைக்குத்தான் போகிறது. 2000 எம்.ஏ.எச் (பற்றறி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்கிற அளவு) உள்ள, நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் என்கிற சார்ஜ் பற்றறி ஒன்றை ஒரு தடவை நிரப்ப, சார்ஜரில் வீணாகிறதையும் சேர்த்து, ஆறு வாட் மணி போகும் என்று வையுங்கள். 150 தடவைக்கு 900 வாட் மணி, அதாவது முழு வருடத்துக்கும் ஒரு யூனிற் (1000 வாட் மணி) கரண்ட் கூட வராது. ஆகவே கரண்ட் செலவை மறந்துவிடலாம், யோசிக்க வேண்டியது வாங்குகிற விலையை மட்டும்தான். நல்ல சார்ஜர் ஒன்று, பற்றறி எட்டு, இரண்டின் விலையையும் கூட்டி, ரோச்சுக்கும் காருக்கும் இப்போது மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்பது தெரிந்துவிடும். பன்னிரண்டுக்குள் வந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், ஏனென்றால் ஒழுங்காகப் பாவித்தால் அந்தப் பற்றறி சில நூறு தடவை சார்ஜ் ஏறும், உங்கள் பாவனைக்கு அது பல வருடம்.

சுவர் மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் இதைப் போட வேண்டாம். அவை இழுக்கிற மின்சாரம் மிகக் குறைவு, சாதாரண மலிவுப் பற்றறியே ஒரு வருடம் ஓடும். அங்கே விலை கூடிய பற்றறியைப் போட்டால் போட்ட காசு திரும்பாது. பிரஷர் மெசினுக்கு அதோடு வந்த தாளைப் பாருங்கள், சார்ஜ் பற்றறி போடலாம் என்று இருந்தால் மட்டும் போடுங்கள். சாதாரணப் பற்றறி 1.5 வோல்ற், இது 1.2 வோல்ற். ரோச்சுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, சாதாரணது படிப்படியாக மங்கிக்கொண்டு போகும், இது கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம் தந்துவிட்டுச் சட்டென்று விழும். அதுதான் தோட்டத்துக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது: வாய்க்கால் வரம்பில் புடையன் பாம்பு கிடக்கிற இருட்டில் வெளிச்சம் திடீரென்று போகக்கூடாது. எட்டுப் பற்றறி வாங்கச் சொன்னது இதற்காகத்தான், மூன்று ரோச்சில், மூன்று சின்ன மூடிப் பெட்டியில் அவரோடு போகட்டும், மிச்சம் இரண்டு பிள்ளையின் காருக்கு.

வாங்கும்போது மட்டையில் எழுதியிருக்கிற எம்.ஏ.எச் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். பென்ரோச் அளவில் 2000 முதல் 2800 வரை உண்மை, அதற்கு மேல் 4000, 5000 என்று போட்டிருந்தால் அது பொய். நான் 2000 அளவில், சும்மா வைத்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத வகையைத்தான் சொல்வேன். சான்யோ 2005இல் எனெலூப் என்று கொண்டுவந்த வகை அது, இப்போது வேறு கம்பனிகளும் செய்கின்றன. பழைய வகை நிரப்பி வைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே பெருமளவு இறங்கிவிடும், இது ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி இருக்கும்.

கடைக்காரர் சொன்ன மூன்று மாதக் கதையும் முழுப் பொய்யில்லை. என்னிடம் கொண்டுவருகிற பழுதான பற்றறிகளில் பாதிக்கு மேல் சார்ஜர் கொன்றவைதான். மலிவுச் சார்ஜர் நிறைந்தாலும் நிறுத்தாது, இரவு குத்திவிட்டுப் படுத்தால் விடியும்வரை அவித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பற்றறிக்கும் தனித்தனி லைற் உள்ள, நிறைந்ததும் தானே நிற்கிற சார்ஜராகப் பாருங்கள். இரண்டு இரண்டாகத்தான் ஏற்றும் என்றால் வேண்டாம், உங்கள் ரோச்சுக்கு மூன்று. கொஞ்சம் சூடாவது சரி, கையில் பிடிக்க முடியாத சூடென்றால் உடனே கழற்றுங்கள். புதிதையும் பழையதையும் ஒரே ரோச்சில் கலக்கவும் கூடாது, முதலில் இறங்குகிறதை மற்றவை தலைகீழாக ஏற்றிக் கெடுத்துவிடும். மூன்று பற்றறியிலும் மார்க்கர் பேனாவால் ஒரே எழுத்தைப் போட்டு வைத்தால் பிள்ளை காருக்கு எடுத்தாலும் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் ரோச் பற்றறியே வராத காலத்தில் நாங்கள் பழைய பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் எடுத்தோம், சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்டோம். அந்தப் பழக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. சார்ஜ் பற்றறியை மட்டும் வெயிலில் வைக்க விடாதீர்கள், சூடுதான் அதன் எமன்.

சரி, சுவரில் குத்துகிற ரோச். அதற்குள் பெரும்பாலும் ஈய அமிலப் பற்றறிதான் இருக்கும். இறங்கிய நிலையில் அலுமாரியில் போட்டால் உள்ளே தகடுகளில் படிவு ஏறி அடுத்த மாரிக்கு எடுக்கும்போது சார்ஜே பிடிக்காது. பாவித்த அன்றே ஏற்ற வேண்டும், பாவிக்காவிட்டாலும் மாதம் ஒரு தடவை ஏற்ற வேண்டும். அதைவிட முக்கியம்: மலிவான பலவற்றில் சுவர் மின்சாரத்துக்கும் உள்சுற்றுக்கும் இடையில் தடுப்பே இல்லை, குத்தியபடியே கொளுத்தினாலோ ஈரக் கையால் தொட்டாலோ அடிக்கும். தோட்டத்து ஈரத்துக்கு அந்த ரோச்சை நான் யாருக்கும் சொல்வதில்லை.

புது ரோச்சே வாங்குவதென்றால் 18650 என்கிற தடித்த லித்தியம் பற்றறி போடுகிறதை எடுக்கலாம். 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 நீளம், அதுதான் அந்த எண். ஒன்று போதும், வெளிச்சமும் நல்லது. ஆனால் 9900 எம்.ஏ.எச் என்று எழுதி விற்கிறதை வாங்காதீர்கள், இந்த அளவில் நல்லதிலும் பெரும்பாலும் 3600க்கு மேல் வராது. கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், நல்லது 45 கிராமுக்குக் கிட்ட இருக்கும். நான் நிறுத்த ஒன்று முப்பதுகூட இல்லை, உறையை வெட்டினால் உள்ளே ஒரு சின்னப் பற்றறியும் மிச்சம் வெள்ளைப் பொடியும். உறை கிழிந்ததையும் வீங்கியதையும் பாவிக்கவே கூடாது, திறப்புக் கோர்வையோடு சட்டைப்பையில் போடவும் கூடாது.

செத்த பற்றறியை வளவுக் குப்பையோடு கொளுத்தாதீர்கள், லித்தியம் வெடிக்கும். கிணற்றடிக்குக் கிட்டத் தாழ்க்கவும் வேண்டாம். நமக்கு வற்றாத ஆறு இல்லை, குடிப்பது கிணற்றுத் தண்ணீர், கீழே இருப்பது சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றியது கெதியாக இறங்கிவிடும். முனைகளில் ரேப் ஒட்டி ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து வையுங்கள், இலத்திரனியல் கழிவு எடுக்கிறவர்கள் வரும்போது கொடுக்கலாம்.